தமிழில் ஒடுங்கிய தடித்த தலைப்பெழுத்து

ஒடுங்கிய தடித்த தலைப்பெழுத்து என்பது, கோடுகள் பருத்தும் அகலம் குறைந்தும் இருக்குமாறு வரையப்படும் பெரிய எழுத்து வகையாகும். நூலின் உட்பக்கங்களை அடுக்க இது பயன்படுவதில்லை. செய்தித்தாள் தலைப்பு, சுவரொட்டி, கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயர் தாங்கும் பலகை, அரிசி மூட்டை என்று தொலைவிலிருந்து ஒரே பார்வையில் படிக்க வேண்டிய இடங்களுக்கு உரியது. இடம் குறைவு, சொல் நீளம், பார்ப்பவர் தூரத்தில் இருக்கிறார் என்ற மூன்றும் சேரும் இடத்தில் இவ்வெழுத்து தேவைப்படுகிறது.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற பேரூர். இத்தகைய ஆலைகளிலிருந்து வெளியேறும் மூட்டையின் முகத்தில் ஆலையின் பெயர், அரிசியின் பெயர், எடை ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். 'புழுங்கல் அரிசி' என்ற இரண்டு சொற்களை இரண்டு அடிக்கும் குறைவான அகலத்தில், கடையின் உள்ளே அடுக்கியிருந்தாலும் தெருவிலிருந்து தெரியும்படி போட வேண்டும். 'ழு'வின் கீழ்ச்சுழியும் 'ங்'கின் மடிப்பும் அரிசியின் 'ரி'க்கு மேலுள்ள விலங்கும் ஒன்றோடொன்று மோதாமல் இதைச் செய்வது எளிதன்று. தமிழில் தலைப்பெழுத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சிக்கலுக்குப் பலர் பலவிதமாகக் கண்ட தீர்வுகளின் வரலாறே.

மேலைநாட்டில் தோற்றம்

ஐரோப்பாவில் அச்சு தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித் தலைப்பெழுத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. நூல் எழுத்தையே பெரிதாக வார்த்துத் தலைப்புக்கும் பயன்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிச் சீட்டு, நாடகம், குதிரை வண்டிப் பயணம் ஆகியவற்றுக்கான விளம்பரங்கள் பெருகியபோதுதான் நிலைமை மாறியது. ராபர்ட் தோர்ன் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் மிகப் பருத்த எழுத்துகளை உருவாக்கினர். 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் தம் மாதிரி ஏட்டில் முனைக்கோடுகள் இல்லாத எழுத்தை வெளியிட்டார். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன.

பெரிய அளவில் ஈயம் கனமானது, விலையும் அதிகம். 1827ஆம் ஆண்டு நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடையும் இயந்திரத்தால் மர எழுத்துகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே அவற்றுக்கு விலைப்பட்டியல் வந்தது. ஒரே வடிவத்தை அகலமாகவும் குறுகலாகவும் மிகக் குறுகலாகவும் வெட்டுவது அதன்பின் வழக்கமாயிற்று. சுவரொட்டி அடுக்குபவர் சொல்லின் நீளத்தைப் பார்த்து, வரி முழுவதும் நிரம்பும்படி எந்த அகலம் பொருந்துமோ அதை எடுத்துக்கொள்வார்.

இந்த மரபின் கடைசிக் காலத்தில் வந்த 'இம்பாக்ட்' எழுத்துரு இன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஷெஃபீல்டு நகரின் ஸ்டீவன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965இல் வெளிவந்தது. கோடுகள் மிகப் பருமன், எழுத்துக்குள் இருக்கும் வெளி ஒரு கீற்று அளவே, எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் குறைவு. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுப்பில் இது சேர்ந்தது. பின்னாளில் நகைச்சுவைப் படங்களின் மேல் வெள்ளை நிறத்தில் கறுப்பு விளிம்போடு வரும் எழுத்தாக இதைப் பார்க்காத இணையவாசி இல்லை. ஆனால் இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் கிடையாது. இருந்திருந்தாலும் அதே செய்முறை தமிழுக்குப் பொருந்தியிராது என்பதற்குக் காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

தமிழ் எழுத்தை ஒடுக்குவதில் உள்ள சிக்கல்

ரோமன் எழுத்தில் பெரிய எழுத்துகள் என்ற ஒரு வரிசை உண்டு. அவை அனைத்தும் ஒரே உயரம் உடையவை. மேலே நீட்டிக்கொண்டோ கீழே தொங்கிக்கொண்டோ இருப்பவை இல்லை. எனவே செங்கல் அடுக்குவது போல ஒரு வரியின்மேல் அடுத்த வரியை நெருக்கி வைக்கலாம். அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுவதும் எளிது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. 'கி', 'கீ' ஆகியவற்றின் விலங்குகளும் மெய்யின் புள்ளியும் மேலே எழுகின்றன. 'பு', 'து', 'கூ', 'ழு' ஆகியவை கீழே இறங்குகின்றன. வரிக்கும் வரிக்கும் நடுவே இவற்றுக்கு இடம் விட்டாக வேண்டும். ஒதுக்கிய உயரத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடுவதால் எழுத்தின் உடல் சிறுக்கிறது. ஒரே அளவுள்ள பலகையில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் தெரிவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது, கிடை அகலம். காரைக்குடி–திருவாரூர் தடத்தில் 'கண்டனூர் புதுவயல்' என்ற நிலையம் உள்ளது. இப்பெயருக்குத் தமிழில் பத்து எழுத்துகள். ஆங்கிலத்தில் எழுதினால் பதினேழு. எண்ணிக்கையைப் பார்த்தால் தமிழ்தான் குறைந்த இடம் பிடிக்க வேண்டும். ஆனால் 'ண்', 'னூ' இரண்டும் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று எழுத்துகளின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடியவை. 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு. சுழிகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டிருப்பதால் எழுத்தை நெருக்கினால் முதலில் அடிபடுவது அவைதாம். கோட்டைப் பருமனாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெளி அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடும். பிறகு 'ண'வையும் 'ன'வையும் பிரித்தறிய வழியில்லை.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது, பொருளையே மாற்றக்கூடியது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். 'செய்' என்பதும் 'சேய்' என்பதும், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் அந்த ஒரு சுழியில் பிரிகின்றன. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் இடையே உள்ளது கீழே சாய்ந்திறங்கும் ஒரு சிறு வால். ஒடுங்கிய எழுத்தில் அந்த வாலுக்கு இடம் கிடைப்பதில்லை. 'எ'யும் 'ஏ'யும், 'ஒ'வும் 'ஓ'வும் இதே வகை. நூலில் இவற்றைச் சூழலை வைத்து ஊகிக்கலாம். பேருந்துப் பலகையிலோ மூட்டையிலோ சூழல் கிடையாது, ஒரு சொல் மட்டுமே இருக்கும்.

தமிழ் எழுத்தை வெறுமனே பக்கவாட்டில் நசுக்கி ஒடுங்கிய எழுத்தைப் பெற முடியாது என்பது இவற்றிலிருந்து விளங்கும். ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைய வேண்டும். வட்டச் சுழிகள் நின்ற முட்டை வடிவாக வேண்டும். சுழியைச் சுற்றிவரும் கோடு மற்றக் கோடுகளைவிடச் சற்று மெலிய வேண்டும். விலங்கைத் தாழ்த்தி எழுத்தின் தோளில் உட்கார வைக்க வேண்டும். 'ய்', 'ப்' போன்றவற்றில் புள்ளியை மேலே தூக்காமல் எழுத்தின் திறந்த வாய்க்குள் இறக்கிக்கொள்ளலாம். பெயர்ப்பலகை எழுதுவோரின் கைவேலையில் இத்தகைய உத்திகள் அனைத்தையும் காணலாம்.

ஈய எழுத்துக் காலம்

தமிழ் அச்செழுத்தின் முதல் முந்நூறு ஆண்டு வரலாறு எழுத்தைச் சிறிதாக்கும் முயற்சியே. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்க நூல். அதன் எழுத்துகள் பெரியவை. 1679இல் அம்பலக்காட்டில் புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதிக்கு இக்னேசியஸ் ஆய்ச்சாமணி மரத்திலேயே எழுத்துகளைச் செதுக்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகளும் பெரிதாக இருந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் தாள் போதாது. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர் என்று அச்சு வரலாறுகள் கூறுகின்றன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் இன்னும் சிறிய, தெளிவான எழுத்துகளை உருவாக்கச் செய்தார். 1862இல் அங்கு அச்சான வின்சுலோவின் அகராதி அத்தகைய எழுத்து இல்லாமல் ஒரே தொகுதியில் அடங்கியிருக்காது.

இவை அனைத்தும் வேத நூல், அகராதி, பாடநூல். அருகில் வைத்துப் படிப்பவை. தூரத்திலிருந்து படிக்க வேண்டிய தமிழ் அச்சு பிறகுதான் வந்தது. 1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கான தடைகள் நீங்கிய பின் சுதேசி அச்சகங்கள் பெருகின. அவற்றோடு நாடக நோட்டீசு, திருவிழா அறிவிப்பு, மருந்து விளம்பரம், திருமண அழைப்பிதழ் போன்ற ஒற்றைத்தாள் வேலைகளும் பெருகின. நூலகங்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை என்பதால் தமிழ்த் தலைப்பெழுத்தின் தொடக்கக் காலச் சான்றுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

ஈயத்தில் தமிழ் எழுத்தை வார்ப்பதற்கு ரோமனைப்போல் பல மடங்கு அச்சுகள் தேவை. ஒரு பருமனுக்கும் ஓர் அகலத்துக்கும் ஒரு முழு வரிசை. வேறு அகலம் வேண்டுமென்றால் மறுபடியும் முழு வரிசை. சிறு ஊர் அச்சகம் இதைத் தாங்காது. தலைப்புக்கென்று ஒன்றிரண்டு பெரிய எழுத்து வரிசைகளும் மர எழுத்துகளும் வைத்திருப்பார்கள். வரி நீண்டுவிட்டால் அகலம் குறைந்த எழுத்தைத் தேடுவதற்குப் பதிலாகச் சொல்லை மாற்றினார்கள், அல்லது ஓவியரைக் கொண்டு தலைப்பை எழுதிப் பிளாக் எடுத்தார்கள். வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்புகள் பெரும்பாலும் கையெழுத்தோவியமாக அமைந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று, எழுத்துப் பெட்டியில் இருந்த பற்றாக்குறையும்தான். திரைப்படச் சுவரொட்டிகளிலும் இதே நிலை. ஈஸ்வர், உபால்டு போன்ற விளம்பர ஓவியர்கள் ஒவ்வொரு படத்துக்கும் பெயரைப் புதிதாக வரைந்தனர்.

நாளிதழுக்கு அந்த நேரம் கிடையாது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தந்தி', பின்னர் 'தினத்தந்தி', எளிய சொற்களையும் பெரிய தலைப்புகளையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. தேநீர்க் கடையில் ஒருவர் கையிலிருக்கும் தாளை எதிரே நிற்பவரும் படிக்க முடிந்தது. கடை வாசலில் தொங்கும் நாளிதழ்ச் சுவரொட்டியில் ஐந்தாறு சொற்களே இருக்கும். இவ்விடங்களில் எழுத்து ஒடுங்கும் முன் மொழி ஒடுங்கியது. கட்சிப் பெயர்களும் தலைவர் பெயர்களும் முதலெழுத்துகளாகச் சுருங்கின. தமிழ்ச் செய்தித் தலைப்பின் நடை உருவானதில் எழுத்தின் அகலத்துக்கும் பங்குண்டு.

எழுத்துச் சீர்திருத்தமும் தலைப்பின் அகலமும்

1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் சில எழுத்துகளின் வடிவை மாற்றி அச்சிடத் தொடங்கினார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை வேண்டும் என்பது அவர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. 1978 அக்டோபரில் எம். ஜி. ஆர். அரசு இம்மாற்றங்களை ஏற்று ஆணையிட்டது. 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றின் சுருண்ட வடிவங்களும், 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகியவற்றின் துதிக்கை போன்ற வடிவங்களும், 'ணொ', 'ணோ' முதலிய ஆறும் மாறின. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள்.

அச்சுக்கோப்பவருக்கு இது பெரிய விடுதலை. பெட்டியில் தனியறைகள் குறைந்தன. ஆனால் தலைப்பெழுத்தைப் பொறுத்தவரை ஒரு பக்கவிளைவு உண்டு. அது அதிகம் பேசப்பட்டதில்லை. பழைய 'லை' ஒரே எழுத்தாக, தலைக்குமேல் துதிக்கையைத் தூக்கி நின்றது. புதிய 'லை'யில் கொம்பு முன்னால் தனியாக ஓர் இடத்தைப் பிடிக்கிறது. விலை, கொலை, வேலை, சென்னை, இல்லை என்று செய்தித் தலைப்பில் அன்றாடம் வரும் சொற்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. சீர்திருத்தம் தட்டச்சுப் பொறியின் தேவையை நிறைவேற்றியபோது தலைப்பின் அகலம் சற்றுக் கூடியது. உயரத்தில் மட்டும் ஆதாயம். மேலே எழும் துதிக்கைக்கு இடம் விட வேண்டியதில்லை. பழைய வடிவம் திரும்ப வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது. ஒடுங்கிய தமிழெழுத்து முன்னைவிட அதிகம் தேவைப்படும் நிலை உருவானதை மட்டும் இது காட்டுகிறது.

செட்டிநாட்டில் எழுத்து

செட்டிநாட்டுக்கு அச்சோடும் பலகையெழுத்தோடும் உள்ள தொடர்பு நெருக்கமானது. 1920களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கத்தின் 'தனவைசிய ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' ஆகிய இதழ்கள் வந்தன. சென்னைப் பதிப்புலகில் பெயர்பெற்ற சக்தி வை. கோவிந்தன், முல்லை முத்தையா, வானதி திருநாவுக்கரசு ஆகியோர் இப்பகுதியிலிருந்து சென்றவர்கள்.

நகரத்தார் வணிகத்தில் 'விலாசம்' என்றொரு வழக்கம் உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் அது ஒரு குடும்பத்தின், ஒரு நிறுவனத்தின் அடையாளம். ராய. சொக்கலிங்கம் 'ராய. சொ.' என்றே அறியப்பட்டது போல, ஒன்றரை அசையில் மூன்று தலைமுறை அடங்கிவிடும். பெட்டகம், பித்தளைப் பாத்திரம், கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் விலாசம் பொறிக்கப்பட்டது. எழுத்தை ஒடுக்குவதற்குப் பதிலாகச் சொல்லை ஒடுக்கிய வழி இது. இரண்டு மூன்று எழுத்துகளே என்பதால் அவற்றை எவ்வளவு பெரிதாகவும் அகலமாகவும் வேண்டுமானாலும் போட முடிந்தது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா இவ்வரலாற்றில் இரு வகையில் இடம்பெற வேண்டியவர். அவர் தொழிலால் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். சென்னையில் அத்தொழில் செய்த காலத்தில் பழைய நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். பிறகு கோட்டையூர் திரும்பி வாழ்நாள் முழுதும் சேகரித்தார். நூல்கள், இதழ்கள் ஆகியவற்றோடு நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, அழைப்பிதழ் ஆகியவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. நூலகங்கள் ஒதுக்கிய ஒற்றைத்தாள்களை ஒரு பலகையெழுத்தர் பாதுகாத்ததில் வியப்பில்லை. எழுத்தை வரைந்து பிழைப்பவர் கண்ணுக்கு ஒரு நாடக நோட்டீசு குப்பையாகத் தெரிந்திருக்காது. 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. 1994இல் அதைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ்த் தலைப்பெழுத்து எவ்வாறு மாறிவந்தது என்று அறிய விரும்பும் மாணவர் செல்ல வேண்டிய முதலிடம் அதுவே.

பலகை எழுதும் முறை பின்வருமாறு. முதலில் எழுத்துகளை எண்ணி, அகலமானவற்றுக்குக் கூடுதல் பங்கு கொடுத்துப் பலகையைப் பிரிப்பர். சுண்ணக்கட்டி தடவிய நூலைத் தெறித்து மேல்கோடு, கீழ்கோடு போடுவர். தட்டைத் தூரிகையால் நேர்கோடுகளை முதலில் இழுத்துவிட்டு, சுழிகளைப் பிறகு நிரப்புவர். இடம் போதாவிட்டால் எல்லா எழுத்தையும் ஒரே விகிதத்தில் குறைப்பதில்லை. 'ட', 'ப', 'ய' போன்று சுழியில்லாத எழுத்துகள் நிறைய ஒடுங்கும். 'ண', 'ழ', 'ஞ' கொஞ்சமே ஒடுங்கும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அகலமாகவே தோன்றும். தமிழ்நாட்டுக் கடைச் சட்ட விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். அந்த ஐந்து பங்கை நிரப்பக் கைவேலைக்கு இந்தக் கணக்கு உதவியது.

கணினியும் நசுக்கிய எழுத்தும்

1980களின் நடுவில் கனடாவில் கு. சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' ஆகியவை கணினியில் தமிழைக் கொண்டுவந்தன. 1990களில் சிற்றூர் அச்சகங்கள் ஈய எழுத்துப் பெட்டிகளைப் பழைய உலோக விலைக்குப் போட்டுவிட்டுப் பேஜ்மேக்கருக்கு மாறின. பாமினி, ஸ்ரீலிபி வகை எழுத்துருக்கள் எங்கும் பரவின. ஈயத்தில் ஓர் எழுத்து வரிசையின் அகலம் மாறாதது. கணினியில் எழுத்தின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அகலமாகும், தள்ளினால் ஒடுங்கும். அச்சகத்தாருக்கு இது வரமாகத் தோன்றியது.

நசுக்குவதால் என்ன நேர்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஓர் எழுத்தின் நின்ற கோடும் கிடைக்கோடும் 10 அலகுப் பருமன் என்று கொள்வோம். அகலத்தை 60 விழுக்காடாக்கினால் நின்ற கோடு 6 அலகாக மெலியும். கிடைக்கோடு 10 அலகாகவே நிற்கும். எழுத்தைத் தாங்கும் தூண்கள் ஒல்லியாகி, உத்தரங்கள் மட்டும் பருத்துத் தோன்றும். கனமாகத் தெரிய வேண்டிய தலைப்பு வலுவிழக்கிறது. இதைச் சரிக்கட்ட எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் விளிம்பு சேர்ப்பர். நின்ற கோடு தடிக்கும்; அதோடு சுழிகளும் அடைபடும். தடித்த வடிவம் தனியாக வரையப்படாத எழுத்துருவில் மென்பொருள் போலியாகத் தடிமன் சேர்க்கும்போதும் நிகழ்வது இதுவே.

2000களில் பிளக்ஸ் பேனர் வந்தபோது இவ்வழக்கம் தெருவுக்கு வந்தது. மணிக்கணக்கில் ஒருவர் எழுதிய பலகையைவிடப் பிளக்ஸ் மலிவு, விரைவு, படமும் போடலாம். பலகையெழுத்தர் பலர் தொழிலை விட்டனர். சிலர் பிளக்ஸ் கடையிலேயே கணினி முன் உட்கார்ந்தனர். கைகள் எழுத்துக்கு எழுத்து வேறுபடுத்தி ஒடுக்கியதை இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலச் செய்தது. தொழில் போனதோடு, தமிழ் எழுத்தை எவ்விடத்தில் குறைக்கலாம், எவ்விடத்தில் கூடாது என்று அவர்கள் கையில் இருந்த அறிவும் எழுதிவைக்கப்படாமல் போனது.

ஒடுங்கிய வடிவில் வரையப்பட்ட எழுத்துருக்கள்

ஒருங்குறி பரவி, எழுத்துரு வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் தமிழுக்கும் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. இவற்றுள் இரண்டு இக்கட்டுரைப் பொருளுக்கு நெருக்கமானவை.

கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழுவின் 'போஸ்ட் நோ பில்ஸ்' குடும்பத்தில் சிங்களத்துக்குக் கொழும்பின் பெயரும் தமிழுக்கு யாழ்ப்பாணத்தின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை பல பருமன்களில் கிடைக்கிறது. 'விளம்பரம் ஒட்டாதீர்' என்று சுவர்களில் தகடு வைத்துப் பூசும் ஸ்டென்சில் எழுத்தே இதன் வடிவம். ஸ்டென்சில் தகட்டில் மூடிய சுழியை முழுதாக வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். அதைப் பிடித்திருக்க ஒரு பாலம் விட வேண்டும். தமிழில் 'வ', 'ண', 'ழ', கொம்புகள் எல்லாவற்றிலும் சுழி உண்டு என்பதால் பாலங்களும் அதிகம். ஒடுங்கிய எழுத்தில் பாலத்துக்கு மறைமுகமான நன்மையும் உண்டு. அடைபட இருந்த சுழியை அந்த வெட்டு திறந்துவிடுகிறது. சாக்கு மூட்டைகளுக்குத் தகடு வெட்டியவர்கள் இதைப் பெயரில்லாமலே செய்துவந்தனர். 'புதுவயல்' என்ற சொல்லைத் தகட்டில் வெட்டினால் 'ப', 'ய' இரண்டும் தொல்லையின்றி வரும். 'து', 'வ' இரண்டுக்கும் பாலம் வேண்டும்.

மும்பையின் எக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'அனேக்' குடும்பம் ரோமனோடு ஒன்பது இந்திய எழுத்து முறைகளைக் கொண்டது. 'அனேக் தமிழ்' அவற்றுள் ஒன்று. இது மாறி எழுத்துரு. அதாவது பருமனையும் அகலத்தையும் பயன்படுத்துபவர் தேவைக்கேற்ப நகர்த்தலாம். அகலம் இயல்பளவின் முக்கால் பங்கு வரை ஒடுங்கும், ஒன்றேகால் பங்கு வரை விரியும். ஓரத்தைப் பிடித்து நசுக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. ஒடுங்கிய எல்லையிலும் விரிந்த எல்லையிலும் எழுத்துகள் தனித்தனியே வரையப்பட்டுள்ளன. இடைப்பட்ட அகலங்களை அவற்றின் நடுவே கணினி கணக்கிடுகிறது. எனவே ஒடுங்கும்போது நின்ற கோடு மெலிவதில்லை. அனேக் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். எனினும் பத்து எழுத்து முறைகளுக்கும் ஒரே சாயல் வேண்டும் என்ற நோக்கில் பிறந்ததால், தெருப்பலகைத் தமிழின் துணிச்சல் அதில் குறைவு.

அரிசி மூட்டையின் முகம்

சாக்குப் பைகளின் இடத்தை நெய்த பிளாஸ்டிக் பைகள் பிடித்தபின் ஸ்டென்சில் தகடுகளுக்கு வேலை குறைந்தது. பையிலேயே பல வண்ணத்தில் அச்சிட்டு வருகிறது. நெளியும் பரப்பில், இழைகளுக்கு நடுவே மை கசியும் பொருளில் அச்சிடுவதால் மெல்லிய கோடுகளும் சிறிய சுழிகளும் நிற்பதில்லை. காகிதத்தில் தெளிவாக இருந்த 'பொன்னி' பையில் 'போன்னி' போலத் தோன்றக்கூடும். ஆகவே மூட்டையெழுத்தில் சுழிகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அகலமோ குறைவாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு தேவைகளும் இவ்வளவு கடுமையாக மோதும் இடம் வேறு அதிகம் இல்லை.

2022 ஜூலை 18 முதல், உறையிட்டுப் பெயரிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. அதுவரை மூட்டையின் மூலையில் இருந்த எடை எண், வாங்குபவர் முதலில் தேடும் எழுத்தாகியது.

எண்ணை எவ்வளவு ஒடுக்கலாம் என்பதற்குச் சட்டமே எல்லை வகுத்துள்ளது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, கட்டாயத் தகவல்களில் எழுத்தின் அல்லது எண்ணின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 1 என்ற எண்ணுக்கும் ஆங்கிலத்தின் ஒல்லியான ஓரிரு எழுத்துகளுக்கும் மட்டும் விலக்கு. அத்தகவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிறமொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு ரோமன் எழுத்துக்கும் எண்ணுக்கும் தாராளமானது. அதே அளவுக்கு 'ண'வையோ 'ழு'வையோ ஒடுக்கினால் அதை யாரும் படிக்க முடியாது. மூட்டையின் நடுவில் பெரிதாக நிற்கும் தமிழ்ப் பெயருக்கு அவ்விதியில் தனி அளவு எதுவும் இல்லை; அதன் அகலத்தைப் பை அச்சிடும் இடத்தில் வரைபவரே தீர்மானிக்கிறார்.